காலை 6 மணிக்கு மாறும் பெட்ரோல் விலை: எட்டு ஆண்டுகள் பயன்படுத்திய பின் ஒரு மதிப்புரை

இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிய மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களும் 2017 ஜூன் 16 அன்று நாடு முழுவதும் ஒரு புதிய ஏற்பாட்டைத் தொடங்கின. அதுவரை மாதத்தின் 1, 16 ஆகிய தேதிகளை ஒட்டி மாறிவந்த பெட்ரோல், டீசல் சில்லறை விலை, அன்றுமுதல் ஒவ்வொரு நாளும் காலை 6 மணிக்கு மாறும் என்றார்கள். சர்வதேசச் சந்தையில் விலை இறங்கினால் அதன் பலன் உடனுக்குடன் வாடிக்கையாளருக்குக் கிடைக்கும், ஏறினாலும் சில காசுகளாக ஏறுவதால் சுமை தெரியாது, எல்லாம் வெளிப்படையாக இருக்கும் என்பவை அப்போது சொல்லப்பட்ட வாக்குறுதிகள். இந்த மதிப்புரை பெட்ரோலைப் பற்றியது அல்ல. அதன் விலையைத் தீர்மானித்து, பெட்ரோல் பங்கில் உள்ள பலகையில் ஏற்றி, நம் கைபேசிவரை கொண்டுவந்து சேர்க்கும் இந்தச் சேவையைப் பற்றியது. விலையை எப்படிக் குறைப்பது என்று நம் கட்சிகள் ஆண்டுக்கணக்காக நடத்திவரும் வாக்குவாதத்தில் யார் சொல்வது எந்த அளவுக்கு உண்மை என்று அறிய விரும்புகிறவர், முதலில் இந்தச் சேவை எப்படி இயங்குகிறது என்று பார்த்தாக வேண்டும். இங்கே தரும் விலைகளும் வரி விகிதங்களும் 2025 ஆம் ஆண்டு நிலவரப்படியானவை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய முறையில் மாதக் கடைசி இரவுகளும் 15 ஆம் தேதி இரவுகளும் எப்படி இருந்தன என்பது பலருக்கும் நினைவிருக்கும். "நாளைக்கு ரெண்டு ரூபா ஏறுதாம்" என்ற பேச்சு டீக்கடையில் பரவியதும், இரவு ஒன்பது மணிக்கு மேல் பங்கிலிருந்து சாலைவரை வண்டிகள் நிற்கும். சில இடங்களில் அந்த நேரம் பார்த்து "ஸ்டாக் இல்லை" என்ற அட்டையும் தொங்கும். விலை பத்து காசு, பதினைந்து காசு என்று நகரத் தொடங்கியதும் அந்த வரிசைகள் மறைந்தன. புதிய விலையை நள்ளிரவில் அமல்படுத்துவதுதான் முதல் திட்டம். எல்லாப் பங்குகளும் தானியங்கி வசதி பெறாத அந்தக் காலத்தில் நள்ளிரவில் ஆள் நின்று ஒவ்வொரு கருவியிலும் விலையை மாற்றுவது நடக்காத காரியம் என்று முகவர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததால் அது காலை 6 மணி ஆனது. புதுச்சேரி உள்ளிட்ட ஐந்து நகரங்களில் 2017 மே 1 முதல் வெள்ளோட்டம் பார்த்த பிறகே நாடு முழுவதும் விரிவாக்கினார்கள். நிர்வாக நோக்கில் இது நன்றாகச் செய்யப்பட்ட வேலை. குறுஞ்செய்தி வழியாக விலை அறியும் வசதியும் குறை சொல்ல முடியாதது. இந்தியன் ஆயில் பங்கு என்றால் ஆர்எஸ்பி என்ற ஆங்கில எழுத்துகளோடு அந்தப் பங்கின் குறியீட்டு எண்ணைச் சேர்த்து 92249 92249 என்ற எண்ணுக்கு அனுப்ப வேண்டும். பதிலில் வரும் எண்ணும், டிஸ்பென்சரில் தொகைக்கும் அளவுக்கும் கீழே மூன்றாவது வரியில் ஒளிரும் எண்ணும் நான் ஒப்பிட்டுப் பார்த்தபோதெல்லாம் ஒன்றாகவே இருந்திருக்கின்றன.

சேவையின் அடிப்படை வாக்குறுதிக்கு வருவோம். நாள்தோறும் மாறும் என்று சொல்லப்பட்ட விலை, எப்போது மாறியது, எப்போது மாறவில்லை என்பதைத் தேதி வாரியாகப் பார்த்தால் சங்கடமான ஒரு வடிவம் தெரிகிறது. கர்நாடகச் சட்டமன்றத்துக்கு 2018 மே 12 அன்று வாக்குப்பதிவு நடந்தது. அதற்கு முன் ஏப்ரல் 24 முதல் விலை அசையாமல் நின்று, வாக்குப்பதிவு முடிந்த பின் மே 14 அன்று மீண்டும் ஏறத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2021 ஏப்ரல் 6 அன்று நாம் வாக்களித்தோம். அந்த ஆண்டு பிப்ரவரி இறுதியில் நின்ற விலை, மார்ச் மாத இறுதியிலும் ஏப்ரல் நடுவிலும் சில காசுகள் இறங்கியதைத் தவிர, மே 2 அன்று வாக்குகள் எண்ணி முடிக்கும்வரை அப்படியே இருந்தது. மே 4 அன்று ஏற்றம் தொடங்கி, ஜூலை 2 அன்று சென்னையில் பெட்ரோல் முதன்முறையாக 100 ரூபாயைக் கடந்தது. அதே ஆண்டு தீபாவளியன்று, அதாவது நவம்பர் 4 அன்று, கலால் வரிக் குறைப்புக்குப் பிறகு சென்னை விலை 101 ரூபாய் 40 காசு. உத்தரப் பிரதேசம், பஞ்சாப் உள்ளிட்ட ஐந்து மாநிலத் தேர்தல்கள் முடியும்வரை அந்த எண் மாறவே இல்லை. இடையில் உக்ரைன் போர் மூண்டு கச்சா எண்ணெய் ஒரு பீப்பாய் 100 டாலரைத் தாண்டிய நாள்களிலும் பலகை அதே எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது. முடிவுகள் 2022 மார்ச் 10 அன்று வந்தன. மார்ச் 22 முதல் ஏப்ரல் 6 வரையிலான பதினாறு நாள்களில் 14 முறை விலை ஏற்றப்பட்டு, சென்னையில் லிட்டர் 110 ரூபாய் 85 காசைத் தொட்டது.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் விசித்திரமானது. மே 22 அன்று மத்திய அரசு கலால் வரியை மறுபடியும் குறைத்ததால் சென்னை விலை 102 ரூபாய் 63 காசு ஆனது. அந்த எண் 2024 மார்ச் 14 வரை, ஏறத்தாழ 22 மாதங்கள், அப்படியே உறைந்து நின்றது. அந்தக் காலத்தில் கச்சா எண்ணெய் 120 டாலருக்கு மேல் போய், 75 டாலருக்குக் கீழ் இறங்கி, மறுபடி 90 டாலரைத் தாண்டியது. மார்ச் 15 அன்று காலை 6 மணிக்கு லிட்டருக்கு 2 ரூபாய் அளவுக்குக் குறைப்பு வந்தது. மறுநாள் மக்களவைத் தேர்தல் தேதிகள் அறிவிக்கப்பட்டன. அதிலிருந்து 2025 இல் இதை எழுதும்வரை, போக்குவரத்துச் செலவும் முகவர் கமிஷனும் மாறியதால் ஏற்பட்ட சில்லறை அசைவுகளைத் தவிர வேறு மாற்றம் இல்லை. காலை 6 மணிக்குப் புதிய விலை என்று செயலியும் இணையதளங்களும் நாள் தவறாமல் அறிவிக்கின்றன. அறிவிப்பின் உள்ளடக்கம் நேற்றைய எண்தான்.

பெட்ரோல் விலை நிர்ணயம் 2010 ஜூனிலும் டீசல் விலை நிர்ணயம் 2014 அக்டோபரிலும் அரசின் கையிலிருந்து நிறுவனங்களுக்குப் போய்விட்டன. விலை ஏறும்போது கேட்டால், எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும், "நிறுவனங்கள் தீர்மானிக்கின்றன, அரசுக்கு இதில் தொடர்பில்லை" என்பதே பதில். ஆனால் 2024 மார்ச்சில் 2 ரூபாய் குறைந்த செய்தியைச் சமூக ஊடகத்தில் முதலில் அறிவித்தவர் பெட்ரோலியத் துறை அமைச்சர் ஹர்தீப் சிங் பூரி. ஏற்றத்துக்கு நிறுவனமும் இறக்கத்துக்கு அமைச்சரும் பொறுப்பேற்கும் ஒரு சேவையில், வாடிக்கையாளர் தன் புகாரை யாரிடம் கொண்டுபோவது என்பது முடிவாகாத கேள்வி.

நிறுவனங்களின் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. விலையை உறையவைத்ததால் 2022 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான ஆறு மாதங்களில் மூன்று நிறுவனங்களும் சேர்ந்து 21,000 கோடி ரூபாய்க்கு மேல் நிகர நட்டம் காட்டின. உலகம் முழுவதும் எரிபொருள் விலை எகிறிய காலத்தில் நம் பங்குகளில் அது அந்த அளவுக்கு எகிறவில்லை என்பது உண்மை. ஆனால் அந்தக் கணக்கின் மறுபக்கமும் இருக்கிறது: 2023-24 நிதியாண்டில் இதே மூன்று நிறுவனங்களின் நிகர லாபம் சேர்த்துப் பார்த்தால் 80,000 கோடி ரூபாயைத் தாண்டியது. ரஷ்யாவிடமிருந்து தள்ளுபடியில் வாங்கிய கச்சா எண்ணெயின் பலன் எங்கே என்று எதிர்க்கட்சிகள் கேட்டது இந்தக் காலத்தைப் பற்றித்தான். ஏற்ற காலத்து நட்டத்தை இறக்க காலத்து லாபத்தால் ஈடுகட்டுவது ஒரு கொள்கையாக இருக்கலாம்; நானே அதை ஆதரிக்கக்கூடும். அப்படியானால் அதற்கு ஒரு கணக்குப் புத்தகம் வேண்டும், இவ்வளவு ஈடானது, இவ்வளவு மிச்சம் என்று மாதாமாதம் சொல்ல வேண்டும். நாள்தோறும் விலை மாறும் என்று ஒரு சேவையை விற்றுவிட்டு, பின்னால் அறிவிக்கப்படாத வேறொரு சேவையை நடத்துவதுதான் எனக்கு ஒப்பவில்லை.

இனி வரி. சென்னையில் லிட்டர் 100 ரூபாய் 80 காசு என்று வைத்துக்கொண்டு நான் போட்ட கணக்கு இது. மத்திய அரசின் கலால் வரி லிட்டருக்கு 21 ரூபாய் 90 காசு. தமிழ்நாட்டின் மதிப்புக் கூட்டு வரி 13 சதவீதத்தோடு லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு நிலையான தொகை. அந்தச் சதவீத வரியையும் நிலையான தொகையையும் சேர்த்தால் மாநிலத்தின் வரி 21 ரூபாய்க்கும் 22 ரூபாய்க்கும் இடையில் வருகிறது. ஆகவே மத்தியும் மாநிலமும் ஏறக்குறையச் சம அளவில் எடுத்துக்கொள்கின்றன. இரண்டும் போக எஞ்சும் ஏறத்தாழ 57 ரூபாயில்தான் கச்சா எண்ணெய், சுத்திகரிப்பு, போக்குவரத்து, நிறுவனத்தின் லாபம், முகவர் கமிஷன் எல்லாம் அடங்குகின்றன. மேடையில் இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டுவது இந்தச் சமநிலையால்தான் எளிதாகிறது. இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது.

மத்திய அரசின் பாதியைப் பார்ப்போம். 2014 இல் ஆட்சி மாறியபோது பெட்ரோல் மீதான கலால் வரி லிட்டருக்கு 9 ரூபாய் 48 காசு. கச்சா எண்ணெய் விலை சரிந்த 2014 நவம்பர் முதல் 2016 ஜனவரி வரையிலான காலத்தில் ஒன்பது முறை அது உயர்த்தப்பட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் 2020 மார்ச்சில் 3 ரூபாய், மே மாதத்தில் 10 ரூபாய் என்று ஏறி 32 ரூபாய் 98 காசு ஆனது. அந்த ஏப்ரலில் இந்தியா வாங்கிய கச்சா எண்ணெயின் சராசரி விலை 20 டாலருக்கும் கீழே இருந்தது. தினசரி விலைச் சேவை சொன்னபடி நடந்திருந்தால் நாம் வாழ்நாளில் காணாத மலிவு விலையைக் கண்டிருக்க வேண்டும். நடந்தது வேறு: மார்ச் 16 முதல் 82 நாள்கள் விலை நிறுத்திவைக்கப்பட்டது, சரிவு முழுவதும் வரியாக மாறியது, ஜூன் 7 முதல் தொடர்ந்து மூன்று வாரங்கள் அன்றாட ஏற்றம் வந்தது. பெட்ரோல், டீசல் மீதான கலால் வரியாக 2020-21 இல் மத்திய அரசுக்குக் கிடைத்தது 3.35 லட்சம் கோடி ரூபாய். அதற்கு முந்தைய ஆண்டு 1.78 லட்சம் கோடி. பின்னர் 2021 நவம்பரில் 5 ரூபாயும் 2022 மே மாதத்தில் 8 ரூபாயும் குறைத்தது பெரிய நிவாரணம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த இரண்டும் சேர்ந்த 13 ரூபாய், 2020 இல் ஏற்றிய அதே 13 ரூபாய்.

இந்த ஏற்றத்துக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட எண்ணெய்ப் பத்திரங்கள் பற்றியும் ஒரு வார்த்தை. மன்மோகன் சிங் ஆட்சியில் விலையை ஏற்றாமல் இருப்பதற்காக நிறுவனங்களுக்குப் பணத்துக்குப் பதிலாகப் பத்திரங்கள் தரப்பட்டன, ஏறத்தாழ 1.3 லட்சம் கோடி ரூபாய் அசல் அடுத்த ஆட்சியின் தலையில் விழுந்தது. அந்தச் சுமை இல்லாவிட்டால் வரியைக் குறைத்திருப்பேன் என்ற பொருளில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 2021 ஆகஸ்டில் பேசினார். இன்றைய விலையை நாளைய கடனாக்குவது தவறு என்ற அளவில் அவர் சொன்னது சரி. ஆனால் 2025-26 வரை பல ஆண்டுகளில் தவணை தவணையாக முதிர்கிற அந்த மொத்த அசலைவிட, ஒரே ஆண்டின் கலால் வசூல் இரண்டரை மடங்கு. வாதம் கணக்கில் நிற்கவில்லை.

மாநிலத்தின் பாதிக்கும் ஒரு கதை உண்டு. பெருந்தொற்றின் நடுவே, 2020 மே 4 முதல், அதிமுக அரசு மதிப்புக் கூட்டு வரியை மாற்றியமைத்ததில் பெட்ரோல் லிட்டருக்கு 3 ரூபாய் 25 காசு ஏறியது. திமுக 2021 தேர்தல் அறிக்கையில் பெட்ரோலுக்கு 5 ரூபாயும் டீசலுக்கு 4 ரூபாயும் குறைப்பதாகச் சொன்னது. ஆட்சிக்கு வந்த பின் நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் ஆகஸ்ட் 13 அன்று தாக்கல் செய்த திருத்திய நிதிநிலை அறிக்கையில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தார். மறுநாள் காலை சென்னை விலை 102 ரூபாய் 49 காசிலிருந்து 99 ரூபாய் 47 காசுக்கு இறங்கியது. அந்த அறிவிப்பு அடுத்த நாள் காலை 6 மணிக்கே பம்பில் பிரதிபலித்தது என்பதைச் சேவையின் கணக்கில் ஒரு நற்புள்ளியாகச் சேர்க்கிறேன். மாநிலத்தில் 2.63 கோடி இருசக்கர வாகனங்கள் இருப்பதையும், குறைப்பால் ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் இழப்பு என்பதையும் அப்போது சொன்னார்கள். மிச்ச 2 ரூபாயும் டீசலுக்கான 4 ரூபாயும் என்ன ஆயின என்று அதிமுகவும் பாஜகவும் கேட்டுக்கொண்டே இருந்தன. 2022 மே மாதத்தில் அண்ணாமலை 72 மணி நேரக் கெடு விதித்ததும் இதற்காகத்தான். அதற்கு முந்தைய மாதம், ஏப்ரல் 27 அன்று, பெருந்தொற்று குறித்து முதலமைச்சர்களோடு நடந்த கூட்டத்தில் பிரதமர் மோடி, வரியைக் குறைக்காத மாநிலங்கள் என்று தமிழ்நாட்டையும் பெயர் சொல்லிக் கேட்டுக்கொண்டார். அந்தப் பட்டியலைக் கேட்டபோது, ஆகஸ்டிலேயே 3 ரூபாய் குறைத்தது கணக்கில் வரவில்லையா என்ற மாநில அரசின் கோபம் நியாயமாகவே எனக்குப் பட்டது.

இதில் மேடையில் குறைவாகப் பேசப்படுவதும் எனக்கு முக்கியமாகத் தெரிவதும் ஒன்று உண்டு. மத்திய அரசு எடுக்கும் 21 ரூபாய் 90 காசில் அடிப்படைக் கலால் வரி என்பது வெறும் 1 ரூபாய் 40 காசு. மற்றவை சிறப்புக் கூடுதல் கலால் வரி 13 ரூபாய், சாலை மற்றும் உள்கட்டமைப்பு செஸ் 5 ரூபாய், வேளாண் உள்கட்டமைப்பு செஸ் 2 ரூபாய் 50 காசு. நிதிக்குழுவின் பரிந்துரைப்படி மாநிலங்களோடு பகிர வேண்டியது அந்த 1 ரூபாய் 40 காசை மட்டும்தான். அதில் 41 சதவீதம் என்றால், எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து லிட்டருக்கு 57 காசு. வரியைக் குறைப்பது மாநிலத்தின் கடமை என்று டெல்லி சொல்லும்போது, தமிழ்நாட்டில் எந்தக் கட்சியின் நிதியமைச்சருக்கும் முதலில் நினைவுக்கு வருவது இந்த 57 காசாகத்தான் இருக்கும். மறுபுறம், மாநிலத்தின் 13 சதவீதம் என்பது விலை ஏற ஏறத் தானாக ஏறும் வரி. கச்சா எண்ணெய் உச்சத்துக்குப் போன மாதங்களில் அந்தக் கூடுதல் வரவைப் பற்றி மாநிலம் வாய் திறந்ததில்லை.

பெட்ரோலை ஜிஎஸ்டிக்குள் கொண்டுவந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது வாட்ஸ்அப்பில் அதிகம் சுற்றும் தீர்வு. அரசமைப்புச் சட்டத்தின் 101 ஆவது திருத்தமே அதற்கு வழி வைத்திருக்கிறது; எந்தத் தேதியிலிருந்து என்று ஜிஎஸ்டி மன்றம் பரிந்துரைத்தால் போதும். கேரள உயர் நீதிமன்றம் கேட்டதன் பேரில் 2021 செப்டம்பர் 17 அன்று லக்னோ கூட்டத்தில் விஷயம் விவாதிக்கப்பட்டு, இதற்கு இது நேரமல்ல என்று முடித்துவைக்கப்பட்டது. ஏன் என்பதற்கு மேலே சொன்ன 57 ரூபாயைக் கொண்டு கணக்குப் போடலாம். அப்போதைய உச்ச விகிதமான 28 சதவீதம் என்றால் லிட்டர் 73 ரூபாய் அளவில் வரும். 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த 40 சதவீத விகிதம் என்றால் 80 ரூபாய். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் 40 சதவீதத்திலும் மாநிலத்தின் பாதி 11 ரூபாய் 40 காசுதான். தமிழ்நாடு இன்று வாங்கும் நிலையான தொகை மட்டுமே அந்த அளவு, 13 சதவீதம் தனி. மத்திய அரசின் பாதியிலிருந்து பகிர்வாக வருவதில் தமிழ்நாட்டின் பங்கு 2025-26 வரை 4.079 சதவீதம். இந்த இழப்பை யார் ஈடுகட்டுவது என்று சொல்லாமல் ஜிஎஸ்டி பற்றிப் பேசும் எந்தக் கட்சியின் வாக்குறுதியையும் நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. திமுக 2024 மக்களவைத் தேர்தல் அறிக்கையில் பெட்ரோல் 75 ரூபாய், டீசல் 65 ரூபாய் என்றது. அந்த 75 ரூபாய் ஏறத்தாழ 28 சதவீத ஜிஎஸ்டி விலைக்கு அருகில் வருவது தற்செயலாகவும் இருக்கலாம். அப்போது தமிழ்நாட்டு அரசே தன் வருவாயில் எவ்வளவு விட்டுக்கொடுக்கும் என்ற வரி அந்த அறிக்கையில் இருந்திருந்தால் இன்னும் மதித்திருப்பேன்.

அமெரிக்காவில் இதே சண்டை வேறு ஆயுதங்களோடு நடக்கிறது. அங்கே கூட்டரசு வரி ஒரு கேலனுக்கு 18.4 சென்ட், 1993 முதல் மாறவே இல்லை. கேலன் 5 டாலரைத் தொட்ட 2022 ஜூனில் அதை மூன்று மாதம் நிறுத்திவைக்க அதிபர் பைடன் கேட்டும் நாடாளுமன்றம் இணங்கவில்லை. இணங்கியிருந்தாலும் குறைந்திருப்பது நான்கு சதவீதத்துக்கும் குறைவு. அதனால்தான் அங்கே இருப்பு எண்ணெயைத் திறந்துவிடுவது, இன்னும் துளையிடுவது என்று பேச்சு போகிறது. நம் விலையில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் வரி என்பதால், இங்கே விலைக் குறைப்பு என்றாலே வரிக் குறைப்புதான். இரு தரப்பும் எவ்வளவு எடுக்கிறார்கள் என்பது வாடிக்கையாளரின் கண்ணில் படுவது அதனாலேயே இங்கு இன்னும் அவசியமாகிறது.

கண்ணில் படுகிறதா? பங்கில் தரும் ரசீதை எடுத்துப் பாருங்கள். விரலால் தேய்த்தாலே மங்கும் அந்தச் சிறு தாளில் பங்கின் பெயர், நாசில் எண், நேரம், லிட்டர் விலை, அளவு, மொத்தத் தொகை எல்லாம் இருக்கின்றன. வரி என்ற சொல் விலைக்குப் பக்கத்தில் இல்லை. பக்கத்துக் கடையில் பத்து ரூபாய்க்கு பிஸ்கட் வாங்கினால் பில்லில் மத்திய ஜிஎஸ்டி இவ்வளவு, மாநில ஜிஎஸ்டி இவ்வளவு என்று காசு சுத்தமாக அச்சடித்துத் தருகிறார்கள். நூறு ரூபாயில் நாற்பத்து மூன்று ரூபாய் வரி போகும் பொருளுக்கு அந்த மரியாதை கிடையாது. விலையின் பகுப்பை எண்ணெய் நிறுவனங்கள் டெல்லியை வைத்து இணையத்தில் வெளியிடுகின்றன என்பது உண்மைதான். மதுரையில் வண்டியில் பெட்ரோல் போடுகிறவருக்கு டெல்லியின் வரி விகிதத்தால் என்ன பயன்? தென்னாப்பிரிக்காவில் ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமை விலை மாறுகிறது. எந்தத் தீர்வை எவ்வளவு, சாலை விபத்து நிதிக்கு எவ்வளவு என்ற பகுப்பும் வெளியாகிறது. மாதம் ஒருமுறைதான் மாறுகிறது என்றாலும், சொன்ன நாளில் மாறுகிறது, காரணத்தோடு மாறுகிறது. நாள்தோறும் மாறாத நம்முடைய தினசரி விலையைவிட அது எனக்கு மேலாகத் தெரிகிறது.

இந்த மறைப்பின் விளைவு 2025 ஏப்ரலில் நன்றாகத் தெரிந்தது. மத்திய அரசு கலால் வரியை லிட்டருக்கு 2 ரூபாய் ஏற்றியது. கச்சா எண்ணெய் மலிந்திருந்ததால் நிறுவனங்கள் அதைத் தாங்கிக்கொள்ளும், சில்லறை விலை மாறாது என்று அதே மூச்சில் சொல்லப்பட்டது. மறுநாள் காலை 6 மணிக்குப் பலகையில் பழைய எண். ரசீதிலும் பழைய எண். நமக்கு இறங்கியிருக்க வேண்டிய 2 ரூபாய், இறங்காமலேயே இடம் மாறிவிட்டது. செய்தித்தாள் படிக்காத வாடிக்கையாளருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரிந்திருக்காது. விலை ஏறவில்லை என்ற மகிழ்ச்சியோடு போயிருப்பார்.

இன்னொரு குறையையும் சுருக்கமாகப் பதிந்துவிடுகிறேன். இப்போது கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டிகளில் இதனால் ஓரளவு மைலேஜ் குறையும் என்பதை நிதி ஆயோக்கின் 2021 ஆம் ஆண்டு செயல்திட்டமே ஒப்புக்கொண்டு, வரிச் சலுகை மூலம் வாடிக்கையாளருக்கு ஈடுசெய்யலாம் என்றும் யோசனை சொன்னது. ஈடு வரவில்லை. லிட்டர் விலை அசையாமல் இருந்தாலும் ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் செலவு கொஞ்சம் ஏறிவிட்டது. இந்தச் சேவையின் எந்தத் திரையிலும் அது தெரிவதில்லை.

யாருக்கு இந்தச் சேவை உண்மையில் பயன்படும் என்று கேட்டால், எல்லையில் இருப்பவர்களுக்கு என்பேன். புதுச்சேரியில் லிட்டருக்கு நான்கைந்து ரூபாய் குறைவு என்பதால் கடலூர், விழுப்புரம் வண்டிகள் அங்கே போய் நிரப்புவது நெடுநாள் வழக்கம். கேரளம் 2023 ஏப்ரலில் 2 ரூபாய் செஸ் விதித்த பின் வாளையாறு தாண்டி நம் பக்கம் வந்து நிரப்புகிறவர்கள் கூடினார்கள். கர்நாடகம் 2024 ஜூனில் 3 ரூபாய் ஏற்றியது முதல் ஓசூருக்கும் பெங்களூருக்கும் இடையில் போய்வருகிறவர்களின் கணக்கும் மாறியது. அப்படிப்பட்டவர்கள் புறப்படும் முன் இரு பக்கத்துப் பங்குகளின் எண்ணையும் குறுஞ்செய்தியில் கேட்டுக்கொள்ளலாம். உள்ளூரிலேயே ஓட்டுகிறவர் நாள்தோறும் விலை பார்ப்பதில் பயன் ஏதும் இல்லை. தேர்தல் அட்டவணையைப் பார்த்தால் போதும்.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரங்கள் தருகிறேன். ஒன்று, இரவு வரிசைகளை ஒழித்த காலை 6 மணி ஏற்பாட்டுக்கு; மற்றொன்று, எண்ணில் பிழை இல்லாத அந்தக் குறுஞ்செய்திக்கு. மத்திய வரி இவ்வளவு, மாநில வரி இவ்வளவு என்ற இரண்டு வரிகளை ரசீதில் அச்சிடத் தொடங்கினால், விலை ஒரு காசு குறையாவிட்டாலும் மூன்றாவது நட்சத்திரத்தைச் சேர்த்துவிடுவேன்.